நோயற்றவரின் நாடி

2017ஆம் ஆண்டு, நான் பணியாற்றும் கல்லூரியில் நாற்பது வயதைக் கடந்த ஆசிரியர்களுக்கு முழு உடல் பரிசோதனை ஏற்பாடு செய்தார்கள். ஒரு தனியார் மருத்துவமனை சலுகைக் கட்டணத்தில் அதைச் செய்துதர முன்வந்திருந்தது. ஆளுக்கொரு வழவழப்பான கோப்பு வந்து சேர்ந்தது. அட்டையில் ‘எக்ஸிக்யூட்டிவ் ஹெல்த் செக்கப்’ என்று பொன்னெழுத்தில் அச்சிட்டிருந்தார்கள். தமிழ் இலக்கணம் நடத்திப் பிழைக்கும் என்னை எக்ஸிக்யூட்டிவ் என்று அழைத்த முதல் ஆவணம் அதுதான்.

துறையைக் கூட்டிக்கொண்டிருந்த அம்மா மேசைமேல் கிடந்த கோப்பைப் பார்த்துவிட்டு, “இதுல என்னென்ன சார் பாப்பாங்க?” என்று கேட்டார். அவர் ஒப்பந்தத் தொழிலாளி. அவர் பெயர் பட்டியலில் இல்லை. “எல்லாமே பாப்பாங்கம்மா” என்றேன். அது பதிலே அல்ல என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை. அந்தக் கேள்விக்குச் சற்றுப் பொறுப்பான பதில் ஒன்றைத் தேடி வாசித்தவற்றின் தொகுப்பே இந்தக் கட்டுரை.

கோப்பின் உள்ளே நீண்ட பட்டியல். வெறும் வயிற்றில் ஒருமுறையும் சாப்பிட்டபின் ஒருமுறையும் எடுக்கும் சர்க்கரை, மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி, கொழுப்பின் வகைகள், ஈரல், சிறுநீரகம், தைராய்டு ஆகியவற்றின் இயக்கத்தைக் காட்டும் இரத்த அளவுகள், சிறுநீர், மார்பு எக்ஸ்ரே, ஈசிஜி, எக்கோ, டிரெட்மில், வயிற்று ஸ்கேன். ஆண்களுக்கு பிஎஸ்ஏ, பெண்களுக்கு பாப் ஸ்மியரும் மேமோகிராமும். இவற்றோடு கண், பல், காது. இறுதியில், சிறு கூடுதல் கட்டணத்தில், விரும்புவோருக்குக் கழுத்து ஸ்கேன். உணவகத்தில் பரிமாறுபவர் “வேறென்ன வேணும்” என்று கேட்கும்போது கூச்சத்தில் ஏதாவது ஒன்றைச் சொல்வோமே, அப்படித்தான் அதற்கும் சரி என்றேன்.

*

நோயாளியை ஆராய்வது தொன்மையானது. நாடி பிடித்துப் பார்த்தலும், தேரையர் பெயரில் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் கூறும் சிறுநீர்ச் சோதனையும் நாம் அறிந்தவை. சிறுநீரில் விட்ட நல்லெண்ணெய்த் துளி பரவும் வடிவத்தைக் கொண்டு வாதமா, பித்தமா, கபமா என்று துணிந்தனர். ஆனால் அந்த வைத்தியரிடம் போனவர் ஏதோ ஒரு உபாதையுடன் போனவர். உபாதை எதுவும் இல்லாதவரை அழைத்து உட்காரவைத்து, ‘உனக்குள் என்ன இருக்கிறது பார்ப்போம்’ என்று சொல்வது முற்றிலும் வேறொரு செயல். அதன் வரலாறு நூற்றைம்பது ஆண்டுகளுக்குச் சற்று மேற்பட்டதுதான்.

1861இல் லண்டன் மருத்துவர் ஹோரஸ் டோபெல் தம் சொற்பொழிவுகளை நூலாக வெளியிட்டார். மார்பு நோய்களுக்கான மருத்துவமனை ஒன்றில் பணியாற்றியவர் அவர். காசநோயாளிகள் தம்மிடம் வந்து சேரும்போது காலம் கடந்துவிட்டிருப்பதைத் தொடர்ந்து கண்டவர். நோய் என்பது அறிகுறி தோன்றும் நாளில் பிறப்பதில்லை, அதற்கு நெடுநாள் முன்பே உடலில் வேர் பிடித்துவிடுகிறது என்பது அவர் வாதம். ஆகவே நலமாக உள்ளவர்களும் குறிப்பிட்ட இடைவெளியில் மருத்துவரிடம் வரவேண்டும்; குடும்ப வரலாற்றைக் கேட்டு, உறுப்புகளை ஆராய்ந்து, உடல்நீர்களை நுண்ணோக்கியில் பார்த்து, அறிவுரையை எழுத்தில் தரவேண்டும் என்றார். இன்றைய கோப்பின் முதல் வரைவு இதுவே. அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. 1900இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் முன் ஜார்ஜ் கூல்ட் என்ற மருத்துவர் இதே கருத்தை மீண்டும் முன்வைத்தார்.

இக்கருத்தைக் கையில் எடுத்தவர்கள் மருத்துவர்களைவிட ஆயுள் காப்பீட்டுக்காரர்களே. ஒருவர் எத்தனை ஆண்டு உயிரோடிருப்பார் என்பது அவர்களுக்கு வணிகக் கணக்கு. 1913இல் நியூயார்க்கில் ‘ஆயுள் நீட்டிப்பு நிறுவனம்’ என்று பொருள்படும் பெயரில் ஓர் அமைப்பு தோன்றியது. பொருளியல் அறிஞர் இர்விங் ஃபிஷர், காப்பீட்டுத்துறை மருத்துவர் யூஜின் ஃபிஸ்க் ஆகியோர் அதன் தூண்கள். அமெரிக்க முன்னாள் குடியரசுத் தலைவர் டாஃப்ட் அதன் தலைவர். 1914இல் மெட்ரோபாலிட்டன் ஆயுள் காப்பீட்டு நிறுவனம் தன் பாலிசிதாரர்களுக்கு இந்த அமைப்பின் மூலம் இலவசப் பரிசோதனை வழங்கத் தொடங்கியது. பாலிசிதாரர் ஓராண்டு கூடுதலாக வாழ்ந்தால் நிறுவனத்துக்கு ஓராண்டுப் பிரீமியம் கூடுதல். கருணையும் இலாபமும் ஒரே திசையில் சென்ற அரிய வேளை அது.

பரிசோதனைக்கு வந்தவர்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாகவே இறந்தார்கள் என்று நிறுவனம் பெருமையுடன் அறிவித்தது. அக்காலத்தில் அதை எவரும் ஐயுறவில்லை. அழைத்தவுடன் பரிசோதனைக்கு வருகிறவர் ஏற்கெனவே தம் உடலைப் பேணுகிறவராக இருப்பார், வராதவரோடு அவரை ஒப்பிடுவது பிழை என்ற எளிய உண்மை வெகுகாலம் கழித்துத்தான் உறைத்தது. 1920களில் அமெரிக்க மருத்துவச் சங்கமும் ஆண்டுதோறும் பரிசோதனை செய்துகொள்வதை ஆதரித்தது. பிறந்த நாளன்று உடலைச் சோதித்துக்கொள்ளுங்கள் என்று 1923இல் இயக்கமே நடந்தது.

*

இனிப் பட்டியலிலுள்ள ஒரே ஒரு சோதனையை எடுத்துக்கொண்டு அதன் வழியை மட்டும் பார்ப்போம். நாம் ‘பிரஷர்’ என்று அழைக்கும் இரத்த அழுத்தம். 1896இல் இத்தாலியரான ரிவா ரோச்சி, கையில் சுற்றிக் காற்றடைக்கும் பட்டையும் பாதரசக் குழாயும் கொண்ட கருவியை அமைத்தார். 1901இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அதைப் பவியா நகரில் கண்டு தம் நாட்டுக்குக் கொண்டுசென்றார். 1905இல் ரஷ்யரான கொரோட்காஃப், பட்டைக்குக் கீழே ஸ்டெதாஸ்கோப்பை வைத்தால் அழுத்தம் இறங்கும்போது தோன்றி மறையும் ஒலிகளைக் கேட்கலாம் என்று காட்டினார். இன்றும் கிராமத்துச் செவிலியர் காதில் ஒலிப்பது அந்த ஒலிதான்.

இதையும் விரைந்து பற்றிக்கொண்டவர்கள் காப்பீட்டுக்காரர்கள். அழுத்தம் ஏற ஏற ஆயுள் இறங்குகிறது என்பதை அவர்களுடைய பேரேடுகள் தெளிவாகக் காட்டின. மருத்துவர்களோ தயங்கினர். முதுமையில் குழாய்கள் இறுகும்போது இரத்தத்தைத் தள்ள உயர்ந்த அழுத்தம் உடலுக்குத் தேவைப்படுகிறது என்று பலரும் கருதினர். குறைத்தாக வேண்டும் என்று நினைத்தாலும் குறைக்க மருந்து இல்லை.

1944 மார்ச் மாதம் உலகின் மிகப்பெரிய எக்ஸிக்யூட்டிவ் ஒருவர் பரிசோதனைக்கு வந்தார். போரை நடத்திக்கொண்டிருந்த அமெரிக்கக் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். அவருடைய அன்றாட மருத்துவர் மெக்கின்டையர் காது மூக்கு தொண்டை வல்லுநர். தலைவர் நலமாக இருக்கிறார் என்று நாட்டுக்குச் சொல்லிவந்தவர். பெதஸ்டா கடற்படை மருத்துவமனையில் ஹோவர்ட் புரூன் என்ற இளம் இதய மருத்துவர் அவரைச் சோதித்தபோது அழுத்தம் 186/108. இதயம் வீங்கி, அதன் ஆற்றல் குன்றியிருந்தது. புரூன் கண்டறிந்ததில் பிழையில்லை. ஆனால் அவரிடம் இருந்தவை டிஜிட்டாலிஸ் மருந்தும், உப்புக் குறைந்த உணவும், ஓய்வெடுங்கள் என்ற அறிவுரையுமே. 1945 ஏப்ரல் 12 அன்று ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸில் ரூஸ்வெல்ட் தலைவலி என்று சொல்லிச் சாய்ந்தார். அப்போது எடுத்த அழுத்தம் 300/190. சில மணி நேரத்தில் உயிர் பிரிந்தது.

கண்டறிவதும் காப்பாற்றுவதும் ஒன்றல்ல என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று வேண்டியதில்லை. 1948இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் பிராமிங்ஹாம் ஊரில் 5,209 பேரைப் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வு தொடங்கியது. உயர் அழுத்தம், கொழுப்பு, புகை ஆகியவை மாரடைப்புக்கும் பக்கவாதத்துக்கும் இட்டுச்செல்வதை அது ஐயமற நிறுவியது. 1958இல் குளோரோதையசைடு என்ற மாத்திரை விற்பனைக்கு வந்தது. 1967இல் எட்வர்ட் ஃபிரைஸ் தலைமையில் முன்னாள் படைவீரர் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வில், அழுத்தம் மிகுந்த 143 பேரைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். வெற்று மாத்திரை உண்ட 70 பேரில் 27 பேருக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்தன. மருந்து உண்ட 73 பேரில் இருவருக்கு மட்டுமே நேர்ந்தன.

கொரோட்காஃப் ஒலியைக் கேட்ட 1905க்கும் இந்த 1967க்கும் இடையே 62 ஆண்டுகள். அத்தனை ஆண்டுகளும் அந்த எண் வெறும் சோதிடமாக, வரப்போவதைச் சொல்லி வாளாவிருக்கும் குறியாக இருந்தது. 1967க்குப் பிறகுதான் அது மருத்துவமாயிற்று. ஒரு சோதனையின் மதிப்பு அது எதைக் காட்டுகிறது என்பதில் இல்லை. காட்டியபின் நாம் என்ன செய்ய முடியும் என்பதில் இருக்கிறது. கோப்பிலுள்ள ஒவ்வொரு வரிக்கும் இந்த அளவுகோலை வைத்துப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

*

போருக்குப் பின் இப்பரிசோதனை மூன்று வெவ்வேறு இடங்களில் மூன்று வடிவங்கள் கொண்டது. 1948இல் மேற்கு வர்ஜீனியாவின் கிரீன்பிரையர் என்ற செல்வர் விடுதியில் நிறுவன மேலாளர்களுக்கான பரிசோதனை மனை ஒன்று திறக்கப்பட்டது. கோல்ஃப் ஆட்டத்துக்கும் ஊற்றுநீர்க் குளியலுக்கும் நடுவே இரத்தம் கொடுத்தார்கள். ‘எக்ஸிக்யூட்டிவ்’ என்ற அடைமொழியின் வேர் இத்தகைய மனைகளில்தான். மேலாளரின் மாரடைப்பு நிறுவனத்துக்கு நட்டம். ஆகவே செலவு நிறுவனத்தினுடையது.

1954இல் டோக்கியோவின் தேசிய மருத்துவமனை ஒன்றில் ‘நிங்கென் டொக்கு’ தொடங்கியது. ‘மனிதருக்கான கப்பல் பழுதுபார்க்கும் துறை’ என்று பொருள். நெடும்பயணம் போய்வந்த கப்பலை நீர் வடித்த துறையில் ஏற்றி, அடிப்பலகை வரை ஆராய்வதுபோல் மனிதனையும் ஆராய்வது. தொடக்கத்தில் ஏறக்குறைய ஒரு வாரம் மருத்துவமனையிலேயே தங்க வேண்டியிருந்தது. இந்த உவமை எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. கூடவே அச்சமும் தருகிறது. கப்பலின் பழுதுபட்ட பலகையைக் கழற்றிப் புதுப்பலகை பொருத்தலாம். உடலில் கழற்றுவது மட்டும்தான் பெரும்பாலும் எளிது. இதே பத்தாண்டில் கிளாஸ்கோவில் இயன் டொனால்ட், பாய்லர் தொழிற்சாலையில் உலோகத்தின் உள்விரிசலைக் கண்டுபிடிக்கும் கேளாஒலிக் கருவியைத் தம் நோயாளிகளின் வயிற்றில் வைத்துப் பார்த்தார். 1958இல் வெளியான அவருடைய கட்டுரையே நம் வயிற்று ஸ்கேனின் தொடக்கம். கப்பலும் பாய்லரும் உவமைகளாக மட்டும் இவ்வரலாற்றில் வரவில்லை.

மூன்றாவது இடம் துறைமுகம். போர்க்காலக் கப்பல் தளங்களில் தொழிலாளருக்காக உருவான கைசர் மருத்துவத் திட்டத்தில் மாரிஸ் காலன் என்ற மருத்துவர் இருந்தார். மருத்துவத்துக்கு முன் மின்பொறியியல் படித்தவர். 1951இல் சான் பிரான்சிஸ்கோவின் சுமை தூக்கும் தொழிலாளர் சங்கம் தன் உறுப்பினர் அனைவரையும் பரிசோதிக்க வேண்டும் என்று கேட்டது. ஏறக்குறைய 4,000 பேர் வரிசையில் நின்று ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்கு நகர்ந்தனர். எடை, அழுத்தம், எக்ஸ்ரே, இரத்தம் என்று தொழிற்சாலை வரிசைபோல் நடந்தது. இன்று வரவேற்பறையிலிருந்து சீட்டுடன் அறை அறையாக நாம் நகரும் முறை இவ்வழி வந்ததே. செல்வருக்கு மட்டும் உரியது என்று நாம் எண்ணும் பரிசோதனையின் உருவத்தை அமைத்ததில் மூட்டை தூக்கியவர்களுக்கும் பங்கு உண்டு.

1957இல் லெனார்ட் ஸ்கெக்ஸ் வகுத்த தானியங்கி இரத்தப் பகுப்பாய்வுக் கருவி சந்தைக்கு வந்தது. அதன் பின்வந்த வடிவங்கள் ஒரே குழாய் இரத்தத்திலிருந்து பன்னிரண்டு அளவுகளை ஒருசேரத் தந்தன. மருத்துவர் ஒன்று கேட்டாலும் பன்னிரண்டும் வந்தன. பட்டியல் நீண்டது தேவையால் மட்டுமன்று, இயந்திரத்தின் வசதியாலும்தான்.

இங்கே சிறு கணக்கு ஒன்றைச் சொல்ல வேண்டும். நலமுள்ள பலரின் அளவுகளைத் திரட்டி, நடுவிலுள்ள 95 விழுக்காட்டை ‘இயல்பு’ என்று வகுப்பது ஆய்வகங்களின் பொதுவான வழக்கம். அப்படியானால் எக்குறையும் இல்லாதவரில்கூட நூற்றுக்கு ஐவர் ஒவ்வொரு சோதனையிலும் ‘இயல்புக்கு மாறானவர்’ ஆகிறார்கள். ஒன்றையொன்று சாராத 12 சோதனைகள் செய்தால், நலமான ஒருவருக்கு ஒன்றிலாவது மாறுபாடு வரும் வாய்ப்பு 46 விழுக்காடு; 20 சோதனைகள் செய்தால் 64 விழுக்காடு. அறிக்கையில் தடித்த எழுத்தில் ஓர் எண்ணாவது இல்லாமல் வீடு திரும்புகிறவர்தான் அரியவர்.

*

காலனின் குழு தன் நம்பிக்கையைத் தானே சோதித்துப் பார்த்தது. இது போற்றத்தக்கது. 1964 முதல் 35 வயதுக்கும் 54 வயதுக்கும் இடைப்பட்ட 10,000க்கும் மேற்பட்ட உறுப்பினர்களை இரு குழுவாக வகுத்தார்கள். ஒரு குழுவை ஆண்டுதோறும் பரிசோதனைக்கு வற்புறுத்தி அழைத்தார்கள்; மற்றதை அழைக்கவில்லை. 16 ஆண்டுகள் கழித்து எண்ணிப் பார்த்தால் இரு குழுவிலும் மொத்த இறப்புகளில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனால் தள்ளிப்போடக் கூடியவை என்று முன்னரே குறித்துவைத்த சில காரணங்களால் நேர்ந்த இறப்புகள், குறிப்பாகப் பெருங்குடல் புற்றும் உயர் இரத்த அழுத்தமும், அழைக்கப்பட்ட குழுவில் குறைந்திருந்தன. எல்லாவற்றையும் பார்த்ததால் வந்த பயன் அன்று இது. சிலவற்றைப் பார்த்ததால் வந்தது.

1968இல் உலகச் சுகாதார நிறுவனத்துக்காக வில்சன், யுங்னர் இருவரும் எழுதிய சிறுநூல் இதையே பத்து நெறிகளாக வகுத்தது. நலமாக இருப்பவர்களைச் சலித்து நோயுள்ளவரைப் பிரித்தெடுப்பதை மருத்துவம் ‘ஸ்கிரீனிங்’ என்கிறது. அப்படிச் சலிப்பதற்கு முன் கேட்க வேண்டியவை அந்த நெறிகள். தேடும் நோய் முக்கியமானதா? அதன் போக்கு நமக்குத் தெரியுமா? ஏற்கப்பட்ட சிகிச்சை உண்டா? அதைத் தரும் வசதி உண்டா? யாரை நோயாளி என்று கொள்வது என்பதில் தெளிவு உண்டா? ஒரு கல்லூரி ஆசிரியனாக, நல்ல வினாத்தாள் அமைப்பதற்கான விதிகளைப் போலவே இவற்றைப் படித்தேன்.

1979இல் கனடாவின் வல்லுநர் குழு, வழக்கமான ஆண்டுப் பரிசோதனையைக் கைவிட்டு, வயதுக்கும் பாலுக்கும் தக்க தேர்ந்தெடுத்த சோதனைகளை மட்டும் செய்யுமாறு பரிந்துரைத்தது. 2019இல் காக்ரேன் அமைப்பின் மீளாய்வு 17 ஆய்வுகளை, 2,51,891 பேரின் தரவுகளைத் தொகுத்துப் பார்த்து, பொதுவான உடல் பரிசோதனைகள் மொத்த இறப்பையோ புற்றுநோய் இறப்பையோ குறைப்பதாகத் தெரியவில்லை என்று முடிவு கூறியது. கோப்பில் தவறாமல் இடம்பெறும் மார்பு எக்ஸ்ரேயைப் பற்றி 2011இல் அமெரிக்காவில் 1,54,901 பேரிடம் செய்த ஆய்வு வெளிவந்தது. ஆண்டுதோறும் எக்ஸ்ரே எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றால் நேர்ந்த இறப்பு குறையவில்லை. அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில், கடுமையாகப் புகைபிடித்தவர்களுக்குக் குறைந்த கதிர்வீச்சுச் சிடி ஸ்கேன் எடுத்தபோது அந்த இறப்பு 20 விழுக்காடு குறைந்தது. அதே நோய், அதே உறுப்பு; ஆனால் யாரிடம், எதைக் கொண்டு தேடுகிறோம் என்பது பயனை மாற்றிவிடுகிறது.

இவை யாவும் அறிகுறி எதுவும் இல்லாதவருக்கே பொருந்தும் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டும். கட்டி தென்பட்டால், இரத்தம் கசிந்தால், நெஞ்சு வலித்தால் மருத்துவரிடம் செல்வதற்கு எந்த ஆய்வையும் படிக்க வேண்டியதில்லை.

*

நம் ஊருக்கு இது ‘மாஸ்டர் ஹெல்த் செக்கப்’ என்ற பெயரில் வந்தது. 1983இல் சென்னையில் பிரதாப் சி. ரெட்டி தொடங்கிய அப்பல்லோ மருத்துவமனை அதைப் பரவலாக்கியது. பின்னர் மற்ற மருத்துவமனைகளும் ஆய்வகங்களும் சில்வர், கோல்டு, பிளாட்டினம் என்று நகைக்கடை மொழியில் திட்டங்களை அறிவித்தன. 2012 முதல் ஆண்டுக்கு 5,000 ரூபாய் வரையிலான பரிசோதனைச் செலவுக்கு வருமான வரியில் கழிவும் கிடைத்தது. வரி கட்டும் அளவுக்கு வருமானம் உள்ளவர்களுக்கு.

என் கோப்புக்கு வருகிறேன். எல்லாம் இயல்பு, அந்தக் கூடுதல் கட்டணக் கழுத்து ஸ்கேனைத் தவிர. தைராய்டு சுரப்பியில் 7 மில்லிமீட்டர் அளவில் ஒரு முடிச்சு. ஊசி வைத்து எடுத்துச் சோதிக்க வேண்டும் என்றார் ஒருவர். சுரப்பியையே எடுத்துவிடுவது பாதுகாப்பு என்றார் இன்னொருவர். மூன்று வாரம் நான் வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கு நினைவில்லை. குரல் போய்விட்டால் என்ன செய்வது என்பதே என் அச்சமாக இருந்தது. என் தொழில் குரலில் இருக்கிறது.

அந்த நாட்களில்தான் தென்கொரியாவின் கதையைப் படித்தேன். அங்கே 1999இல் அரசு புற்றுநோய்த் தேடல் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. தைராய்டு அதில் இல்லை. ஆனால் மருத்துவமனைகள் சிறு கூடுதல் கட்டணத்தில் கழுத்து ஸ்கேனையும் சேர்த்துக்கொண்டன. 2011இல் கண்டறியப்பட்ட தைராய்டு புற்றின் வீதம் 1993இல் இருந்ததைப்போல் 15 மடங்கு. ஓராண்டில் 40,000க்கும் மேற்பட்டோருக்குக் கண்டறிந்தார்கள்; அந்நோயால் இறந்தவர்களோ முன்போலவே ஆண்டுக்கு 400க்கும் குறைவு. அவை பெரும்பாலும் உடலுக்குள் ஓர் ஓரத்தில் கிடந்து, அவருடன் முதுமை எய்தி, அவருடனேயே மறைந்திருக்கக் கூடிய புற்றுகள். ஆனால் கண்டறிந்தபின் ஏறக்குறைய எல்லோருமே அறுவை செய்துகொண்டனர். அவர்களில் நூற்றுக்குப் பதினொருவருக்குக் கால்சியம் காக்கும் சுரப்பிகள் குன்றின; நூற்றுக்கு இருவருக்குக் குரல்நாண் செயலிழந்தது. 2014இல் மருத்துவர்கள் சிலர் ஒன்றுகூடி இதை வெளிப்படையாக எதிர்த்தனர். ஓராண்டுக்குள் அறுவைகள் 35 விழுக்காடு குறைந்தன. 2017இல் அமெரிக்க நோய்த்தடுப்புப் பணிக்குழுவும் அறிகுறியற்றவர்களிடம் தைராய்டு புற்றைத் தேட வேண்டாம் என்று பரிந்துரைத்தது.

ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர் என் அறிக்கையைப் பார்த்துவிட்டு, “இது உங்களை ஒண்ணும் செய்யல. நீங்களும் அதை ஒண்ணும் செய்யாதீங்க. ஆண்டுக்கொரு முறை பார்த்துக்கலாம்” என்றார். எட்டு ஆண்டுகளுக்குப் பிறகும் அது 7 மில்லிமீட்டராகவே இருக்கிறது.

*

தேடல்கள் எல்லாமே வீண் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அதற்கு மறுசான்று நம் பக்கத்திலேயே இருக்கிறது. 2000ஆம் ஆண்டு முதல் 2003 வரை திண்டுக்கல் மாவட்டச் சிற்றூர்களில், அம்பிளிக்கை கிறித்தவக் கூட்டுறவு மருத்துவமனையும் பன்னாட்டுப் புற்றுநோய் ஆராய்ச்சி முகமையும் இணைந்து ஓர் ஆய்வை நடத்தின. 30 முதல் 59 வயது வரையிலான பெண்களின் கருப்பை வாயில் நீர்த்த அசெட்டிக் அமிலத்தைத் தடவி, ஒரு நிமிடம் பொறுத்து, வெளுக்கும் இடம் உண்டா என்று பயிற்சி பெற்ற செவிலியர் கண்ணால் பார்த்தனர். சமையலுக்கு வாங்கும் வினிகரிலும் இருப்பது அதே அமிலம்தான். ஐயத்திற்கிடமான இடத்தைக் குளிரூட்டி அழிக்கும் சிகிச்சையையும், பெரும்பாலும் அதே நாளிலேயே, செவிலியரே செய்தனர். சோதனைக்குரிய ஊர்களில் 49,311 பெண்கள். ஒப்பீட்டுக்குரிய ஊர்களில் 30,958 பெண்கள். 2007இல் லான்செட் இதழில் முடிவுகள் வெளிவந்தன. சோதனை நடந்த ஊர்களில் கருப்பை வாய்ப் புற்று 25 விழுக்காடும், அதனால் நேர்ந்த இறப்பு 35 விழுக்காடும் குறைந்திருந்தன.

வில்சனும் யுங்னரும் கேட்ட கேள்விகள் அத்தனைக்கும் இங்கே விடை இருந்தது. நோய் நம் பெண்களை உண்மையிலேயே கொல்கிறது. மெல்ல வளர்வதால் பிடிக்க அவகாசம் இருக்கிறது. பிடித்தால் செய்யச் சிகிச்சை இருக்கிறது. அதைச் செய்யும் கை அதே அறையில் இருக்கிறது. பொன்னெழுத்துக் கோப்பு மட்டும் இல்லை.

2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், வீடு தேடி வரும் பெண் பணியாளர்கள் பிரஷரும் சர்க்கரையும் பார்த்து மாத்திரையும் தருகிறார்கள். டோபெல் கனவு கண்டது இதைப் போன்ற ஒன்றைத்தான் என்று நினைத்துக்கொள்வேன்.

எங்கள் துறையைக் கூட்டும் அம்மாவுக்கு அது பிந்தி வந்தது. 2019இல் ஒரு காலை, தாழ்வாரத்தில் துடைப்பத்துடனேயே சரிந்து விழுந்தார். அரசு மருத்துவமனைக்கு ஆட்டோவில் கொண்டுசென்றோம். பக்கவாதம். பணியிலிருந்த இளம் மருத்துவர் அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, “இதுக்கு முன்னாடி பிரஷர் எப்பவாச்சும் பாத்திருக்கீங்களா?” என்று அவர் மகளிடம் கேட்டார். “இல்லீங்க, அம்மாவுக்கு ஒண்ணும் இல்லீங்களே” என்றார் மகள். உயிர் பிழைத்துவிட்டார்; வலக்கை வரவில்லை. இப்போது மகள்தான் வேலைக்கு வருகிறார்.

பின்னர் ஒருநாள் எங்கள் கல்லூரி உடற்கல்வித் துறைக்கு வேறு வேலையாகப் போயிருந்தேன். அலமாரியில் பிரஷர் பார்க்கும் கருவி ஒன்று உறை பிரிக்கப்படாமல் இருந்தது. எப்போது வாங்கியது என்று கேட்டேன். 2016 என்றார்கள். அவர் என்னிடம் கோப்பைக் காட்டிக் கேட்ட காலையில் அது அங்கே, இரண்டு கட்டடங்களுக்கு அப்பால், இருந்திருக்கிறது.

நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் இப்போது மாதத்தின் முதல் திங்கட்கிழமை நூலக வாசலில் அதை வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள். வாயிற்காவலர், தோட்டக்காரர், உணவகப் பெண்கள், ஆசிரியர்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நிற்கிறார்கள். அளவு கூடியவர்களை அரசு ஆரம்பச் சுகாதார நிலையத்துக்கு அனுப்புகிறோம். “இதுல என்ன சார் பாப்பாங்க?” என்று அம்மாவின் மகளும் முதல் நாள் கேட்டார். “பிரஷர் மட்டும்தாம்மா. கூட இருந்தா மாத்திரை இருக்கு” என்று சொன்னேன்.